செந்தட்டி படரும் காட்டில் வேலை செய்வது எப்படி

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்திலிருந்து புதுச்சேரி பக்கம் போனால் இருபுறமும் சவுக்குத் தோப்பு, முந்திரி, அப்புறம் புதிதாகக் கல் நட்ட மனைகள். இவற்றுக்கு நடுவே அங்கங்கே, பெரும்பாலும் ஓர் அய்யனார் கோயிலை ஒட்டி, கரும்பச்சையாக அடர்ந்து நிற்கும் துண்டுக் காடுகள் இருக்கின்றன. கீழ்ப்புத்துப்பட்டுக் கோயில் காட்டைப் பலர் பார்த்திருப்பீர்கள். பாலை, வீரை, காசா, காட்டெலுமிச்சை என்று அதிகம் உயராத, இலை தடித்த மரங்கள். அவற்றின் மேல் மோதிரக்கண்ணி, மிளகரணை, தண்ணீர்விட்டான் என்று கொடிகள் ஏறிக் கிடக்கும். 1968-இல் வனவியலாளர்கள் சாம்பியனும் சேத்தும் இந்தியக் காடுகளை வகை பிரித்தபோது இதை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று தனி வகையாக வைத்தார்கள். கோடியக்கரையில் 1967-இல் சரணாலயம் ஆன பகுதியிலும் இதே வகைக் காடு உண்டு. மற்ற இடங்களில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் கோயிலைச் சுற்றியுள்ள துண்டுகள்தான்.

இந்தத் துண்டுக் காடுகளில் விதை பொறுக்குவது, ஓரங்களில் புகுந்துவிட்ட சீமைக்கருவேலத்தை அகற்றுவது, மழைக்கு முன்னால் கன்று நடுவது, இதுதான் பல வருடங்களாக என் வேலை. என்னோடு வருகிற கல்லூரிப் பிள்ளைகளும் ஊர்க்காரர்களும் முதலில் கேட்பது பாம்பு இருக்குமா என்றுதான். இருக்கும். ஆனால் காலடி பட்டால் பெரும்பாலும் அது விலகிப் போய்விடும். விலகாமல் அதே இடத்தில் இருந்து, வருகிறவர்களில் பாதிப் பேரை அன்றைக்கே பதம் பார்ப்பது செந்தட்டி. எங்கள் பக்கம் காஞ்சொறி என்றும் சொல்வார்கள். இரண்டு பெயரும் புழக்கத்தில் உண்டு. தாவரவியல் பெயர் டிராகியா இன்வொலுக்ரேட்டா. லின்னேயஸ் 1753-இல் வைத்த பெயர் இன்றும் அதேதான். ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்ததற்குக் காரணம், காட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று இறங்குகிறவர்கள் முதலில் வெட்டுவது இந்தக் கொடியைத்தான். வெட்ட வேண்டிய தேவையே இல்லை. அடையாளம் தெரிந்து, அதன் பக்கத்தில் எப்படி நிற்பது என்று தெரிந்தால், வருடம் முழுக்க அதனோடு வேலை செய்யலாம்.

முதலில் அடையாளம். மழை பிடித்து இரண்டு மூன்று வாரத்தில், ஐப்பசி நடுவில், புதர் ஓரங்களில் மெல்லிய தண்டு ஒன்று சுற்றிக்கொண்டு மேலே ஏறும். பற்றுக்கம்பி கிடையாது. தண்டேதான் வளைந்து வளைந்து ஏறும். இலை மாறி மாறி ஒற்றையாக வரும். அடியில் இதய வடிவம், நுனி கூர், ஓரம் முழுக்க ரம்பப் பல். கன்றாக இருக்கும்போது கொடி என்றே தெரியாது. தரையோடு ஒரு சாண் உயரத்தில் நிமிர்ந்து நிற்கும். அந்தப் பருவத்தில் இதைக் குப்பைமேனி என்று நினைத்துக் கிள்ளியவர்கள் நிறைய. குப்பைமேனியும் இதே ஆமணக்குக் குடும்பம் என்பதால் சாயல் அப்படி வாய்த்திருக்கிறது. வேறுபடுத்த ஒரு வழி உண்டு. வெயிலுக்கு எதிராக இலையைப் பாருங்கள், குனிந்து, கை வைக்காமல். குப்பைமேனியின் இலை ஏறக்குறைய மொழுக்கென்று தெரியும். செந்தட்டியின் தண்டிலும் காம்பிலும் இலை நரம்பிலும் நேராக நிமிர்ந்த வெள்ளை மயிர்கள் வெளிச்சத்தில் மினுக்கும். தண்டின் நுனியில்தான் அவை அதிக நெருக்கம். முற்றிய இலையைவிடத் தளிர் மோசம்.

காய் வந்துவிட்டால் குழப்பமே வராது. ஆமணக்குக் காயைப் போல மூன்று பிரிவு. ஆனால் அளவில் மிகச் சிறியது. அதன் அடியில் சீப்புப் பல் மாதிரி கிழிந்த பச்சை இதழ்கள் விரிந்து, அவை முழுக்க முரட்டு மயிர். ஒரே பூங்கொத்தில் மேலே ஆண் பூக்கள், அடியில் ஒன்றிரண்டு பெண் பூக்கள். காய் அடியில்தான் தொங்கும். செடியிலேயே அதிகமாகக் கடிக்கும் பாகம் என்று நான் சொல்வது இந்தக் காயைத்தான்.

இதற்கு ஓர் உறவுச் செடியும் இதே பகுதியில் வளர்கிறது, டிராகியா புளுக்கனேட்டி. அதன் இலை மூன்று விரலாக ஆழமாகப் பிரிந்திருக்கும். இலை வடிவத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போனவர்கள் அதனிடம் மாட்டிக்கொள்வார்கள். ஆகவே புதியவர்களுக்கு நான் இலையைச் சொல்லிக் கொடுப்பதில்லை. மயிரையும் காயையும் காட்டுகிறேன்.

இனி அது குத்தும் விதம். ஒரு கைலென்ஸ் இருந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஊட்டிப் பக்கம் சாலை ஓரத்தில் நிற்கும் முரட்டுக் காஞ்சொறி வேறு குடும்பம். அதன் மயிர் உள்ளே குழாயாக இருக்கும். முனை கண்ணாடி போல உடைந்து, உள்ளே இருக்கிற நீரைத் தோலுக்குள் இறக்கும். செந்தட்டியின் மயிருக்கு அமைப்பே வேறு. நடுவில் ஒரு நீண்ட செல். அதற்குள் கால்சியம் ஆக்சலேட்டால் ஆன ஒரே ஒரு நீளப் படிகம், ஊசி போல. பக்கத்தில் மூன்று செல்கள் அதை அணைத்துப் பிடித்திருக்கும். தோல் உரசியதும் மெல்லிய நுனி கிழிந்து அந்தப் படிகம் தோலுக்குள் இறங்கும். படிகத்தின் நீளவாட்டில் ஒரு பள்ளம் ஓடுகிறது. செல்லில் இருக்கும் எரிச்சல் பொருள் அந்தப் பள்ளம் வழியாக உள்ளே போகிறது.

இந்த அமைப்பைத் தெரிந்துகொண்டால் மூன்று விஷயங்கள் தானாகவே புரிந்துவிடும். ஒன்று, மெல்லிய பருத்தித் துணி தடுக்காது. படிகம் நெசவின் இடுக்கில் நுழையும். இரண்டு, காய்ந்த கொடியை நம்பக் கூடாது. நீர் வற்றினாலும் படிகம் அப்படியேதான் இருக்கிறது. வெட்டிக் காயப் போட்ட கொடியை வெறுங்கையால் வாரினாலும் குத்தும். மூன்றாவதுதான் முக்கியம். குத்தியவுடன் அந்த இடத்தைத் தேய்த்தால், தோல் மேல் படுத்துக் கிடக்கும் மயிர்களையும் நாமே உள்ளே அழுத்திவிடுகிறோம்.

தேய்க்காமல் இருப்பது சொல்வதற்குச் சுலபம். பட்டதும் சுரீர் என்று இழுக்கும். நெருப்பு பட்டதோ, எறும்புக் கூட்டம் ஏறியதோ என்று கை தானாக அங்கே போகும். ஒரு முறை கல்லூரிப் பெண் ஒருத்தி வீரைப் பழம் பறிக்கக் கையை உள்ளே விட்டு, முழங்கை வரை பட்டுவிட்டது. பக்கத்தில் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா ஓடிவந்து அவளுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார். "தேய்க்காதம்மா, தேய்க்காத. கைய அப்படியே வுடு. கொஞ்ச நேரம் பல்ல கடிச்சிக்கோ" என்றார். எங்கள் குழுவில் யார் சொன்னதையும்விட அந்தப் பிடிதான் அவளுக்கு உதவியது. அன்றிலிருந்து நாங்களும் அதையே செய்கிறோம். ஒருவருக்குப் பட்டால் பக்கத்தில் இருப்பவர் முதலில் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு அடுத்தது ஒட்டும் டேப். பார்சல் கட்டப் பயன்படுத்தும் அகலமான டேப் எங்கள் பையில் எப்போதும் இருக்கும். பட்ட இடத்தில் மெதுவாக ஒட்டி, ஒரே இழுப்பாக எடுக்க வேண்டும். புதுத் துண்டு எடுத்து மறுபடியும் ஒட்ட வேண்டும். அழுத்தித் தடவ வேண்டாம், ஒட்டினால் போதும். மேலே ஒட்டிக் கிடக்கும் மயிர்கள் அதோடு வந்துவிடும். பிறகு குளிர்ந்த நீரைக் கையால் தொடாமல் ஊற்ற வேண்டும். அதற்கப்புறம் சோப்பு. ஈரத் துணியை வைத்தால் எரிச்சல் மட்டுப்படும். கலமைன் லோஷன் கையில் இருந்தால் தடவலாம். சிவந்த தடிப்புகள் அந்த இடத்தில் கொப்புளம் மாதிரி எழும்பும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்குள் உக்கிரம் குறைந்து, பிறகு விட்டு விட்டு அரிக்கும். வியர்த்தால் மறுபடி கிளம்பும். அன்று மாலை வெந்நீரில் குளித்தாலும் அப்படித்தான், ஆகவே அன்றைக்குப் பச்சைத் தண்ணீரே நல்லது.

சாணம் பூசுவது, சுண்ணாம்பு தடவுவது, மண்ணை அள்ளித் தேய்ப்பது, இதெல்லாம் வேண்டாம். மண்ணும் தேய்ப்புதான். தோலில் நுண்ணிய துளைகள் விழுந்திருக்கும் நேரத்தில் சாணம் பூசுவது கிருமியை அழைப்பது. தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் உண்டு. எல்லாம் கழுவி முடித்த பிறகு தடவினால் காய்ந்த தோலுக்கு இதமாக இருக்கும். கழுவுவதற்கு முன் தடவினால் டேப் ஒட்டாது.

கண்ணில் பட்டால் கதை வேறு. நிறையச் சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், கசக்கவே கூடாது, அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விட வேண்டும். உதடு வீங்கினாலோ, உடம்பு முழுக்கத் தடிப்பு பரவினாலோ, மூச்சு வாங்கினாலோ அது ஒவ்வாமை. டேப்பையும் லோஷனையும் விட்டுவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும். ஏற்கெனவே ஆஸ்துமாவோ கடுமையான ஒவ்வாமையோ இருப்பவர்களை நான் முன்கூட்டியே கேட்டு, கொடி அடர்ந்த பக்கம் அனுப்புவதில்லை.

இந்த இடத்தில் பூனைக்காலியையும் சொல்லிவிட வேண்டும். இரண்டையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். அதுவும் கொடி, அதுவும் இதே புதர்களில் ஏறும். ஆனால் அவரைக் குடும்பம். இலை மூன்று சிற்றிலையாக, அவரை இலை மாதிரியே இருக்கும். அதன் இலையைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. ஆபத்து காயில். மார்கழி, தை மாதங்களில் வளைந்த காய்கள் பொன்பழுப்பு வெல்வெட்டுப் போர்த்தியது போலத் தொங்கும். பார்க்கவே அழகு. அந்த வெல்வெட்டு முழுக்கத் தனித்தனியே கழன்றுவிடும் மயிர்கள். செந்தட்டி தொட்டால்தான் குத்தும். பூனைக்காலிக்குக் காற்றே போதும். காய்ந்த காய்க் கொத்துக்குக் கீழே நின்று கிளையை உலுக்கினால் கழுத்து, சட்டைக் காலருக்குள், இமை என்று எல்லா இடத்திலும் இறங்கும்.

அரிப்பின் தன்மையும் வேறு. செந்தட்டி எரியும். பூனைக்காலி அரிக்கும், வெறும் அரிப்பு, தோலை உரித்துப் போட்டுவிடலாமா என்கிற மாதிரி. அந்த மயிரில் மியூகுனெய்ன் என்ற புரதச் சிதைப்பி நொதி இருக்கிறது. அது, ஒவ்வாமையின்போது உடம்பு வெளியிடும் ஹிஸ்டமின் என்ற பொருளின் வழியே போகாமல் வேறு வழியில் அரிப்பு நரம்பைத் தூண்டுகிறது. அதனால்தான் வழக்கமான ஒவ்வாமை மாத்திரை போட்டும் நிற்கவில்லையே என்று குழம்புகிறார்கள். அங்கே டேப்தான் முதல் மருந்து, திரும்பத் திரும்ப. போட்டிருந்த துணியை அங்கேயே உதறாமல் கழற்றி, தனியாக ஒரு பையில் கட்டி, வீட்டுத் துணிகளோடு கலக்காமல் துவைக்க வேண்டும். அந்தப் பருவத்தில் பூனைக்காலி தொங்கும் பக்கத்துக்குக் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் நான் உள்ளே நுழைகிறேன். கடற்கரையில் காலையில் நிலக்காற்று, மதியத்துக்குமேல் கடல்காற்று. விதை எடுப்பதை அதற்கேற்றபடி வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

சரி, உடைக்கு வருகிறேன். தடித்த ஜீன்ஸ் துணியில் முழுக்கைச் சட்டை, தடித்த கால்சட்டை, கணுக்கால் மூடும் காலணி. கையுறை தோலில் இருக்க வேண்டும். கடைகளில் எளிதாகக் கிடைக்கிற பின்னல் கையுறை உதவாது. ரப்பர் பூசியதும் உள்ளங்கைப் பக்கம் மட்டும்தான் காக்கும். புறங்கையில் அதே பின்னல்தான். கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவில் தெரியும் மணிக்கட்டுதான் அதிகமாக அடி வாங்கும் இடம். சட்டைக் கையைக் கையுறைக்கு மேலே இழுத்து ரப்பர் வளையம் போட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் கையுறையைக் கழற்றும்போது ஒரு கவனம். அதன் வெளிப்பக்கத்தை வெறுங்கையால் பிடிக்காமல், ஒன்றால் மற்றொன்றைப் பாதி உருவி, இரண்டையும் விரல் பக்கமிருந்து இழுக்க வேண்டும். நெற்றி வியர்வையைக் கையுறையால் துடைப்பது இன்னொரு பழக்கம். அதைத் தவிர்க்க எல்லோரும் கழுத்தில் ஒரு துண்டு போட்டுக்கொள்கிறோம்.

பாதையில் செந்தட்டி குறுக்கே விழுந்திருந்தால் என்ன செய்வது? பிடுங்க முயல வேண்டாம். வேர் கீழே தங்கி, அடுத்த மழைக்கு அதே இடத்தில் முளைக்கும். பிடுங்குகிற கைதான் புண்ணாகும். நாங்கள் செய்வது இதுதான். தொரட்டிக்கோலால் கொடியை மெதுவாகத் தூக்கி, பாதையை விட்டு உள்பக்கமாகப் புதரின் மேலேயே திருப்பி விடுகிறோம். சில நாளில் நுனி அங்கேயே சுற்றிக்கொண்டுவிடும். அப்படி முடியாத இடத்தில் மட்டும் நீளக் கைப்பிடிக் கவாத்துக் கத்தரியால் அடியில் நறுக்கி, நறுக்கியதை இழுக்காமல் அங்கேயே வாடவிடுகிறோம். இழுத்தால் பாதை முழுக்க மயிர் உதிரும்.

பிரஷ் கட்டர் என்ற புதர் வெட்டும் இயந்திரத்தை வைத்து அடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதைப் போல ஆபத்தான முறை வேறில்லை. சுழலும் கம்பி, கொடியைப் பொடிப்பொடியாக்கி அடிக்கிறவர் முகத்துக்கே திருப்பி அனுப்பும். கண்ணாடி அணிந்திருந்தாலும் மூக்கும் கழுத்தும் திறந்துதானே இருக்கின்றன. வாரிக் குவித்துத் தீ வைப்பதும் கூடாது. இந்தக் காட்டு மண்ணில் மேலே கிடக்கும் இலைச்சருகுக்குள்தான் அடுத்த தலைமுறை விதைகள் கிடக்கின்றன.

இவ்வளவு தொல்லை கொடுக்கும் கொடியை ஏன் விட்டுவைக்க வேண்டும் என்று கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்களும் கேட்பார்கள். ஆடித் திருவிழாவுக்கு முன்னால் காட்டின் அடிப்பகுதியை வழித்து, மண் குதிரைகள் வெளியே தெரியும்படி செய்வது பல ஊர்களில் வழக்கமாகி வருகிறது. பக்தர்கள் உட்கார இடம் வேண்டும், பிள்ளைகள் ஓடியாட இடம் வேண்டும் என்பது நியாயமான தேவை. கோயிலைச் சுற்றியும் நடைபாதையிலும் ஒதுக்கலாம், அதில் எனக்கு மறுப்பில்லை. மிச்சக் காட்டிலும் அதே வழிப்பைச் செய்தால் சில வருடத்தில் பெரிய மரங்கள் மட்டும் நிற்கும், கீழே ஒரு கன்றுகூட இருக்காது. அந்த மரங்கள் விழுந்தால் அந்த இடத்தில் எழுவதற்கு ஆள் இல்லை.

செந்தட்டி படர்ந்த புதருக்குள் ஒரு முறை குனிந்து பாருங்கள். வெளியில் ஆடு கடித்துக் குட்டையாகிப் போன காசாக் கன்று, அதற்குள் நேராக ஓங்கி வளர்ந்திருக்கும். வீரைக் கன்றும் அப்படியே. மிளகரணையின் முள்ளும் செந்தட்டியின் மயிரும் சேர்ந்து கிடக்கும் இடத்தில் விறகுக்குக் கை நீட்டவும் யோசிப்பார்கள். எந்த மூலையில் இயற்கையாகக் கன்று எழும்புகிறது என்று தேடும்போது நான் முதலில் போய்ப் பார்ப்பது இப்படிப்பட்ட முடங்கிய, யாரும் நுழையாத புதர்களைத்தான்.

அப்புறம் வண்ணத்துப்பூச்சிகள். இதைச் சொல்லும்போது எனக்கு உற்சாகம் கூடிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். காமன் காஸ்டர், ஆங்கிள்டு காஸ்டர் என்று இரண்டு செம்பழுப்பு வண்ணத்துப்பூச்சிகள் இங்கே உண்டு. சிறகு முழுக்க அலை அலையாக மெல்லிய கருங்கோடுகள். தரையை ஒட்டி இரண்டு அடி அடித்துவிட்டு மிதந்து போகும். உட்காரும்போது சிறகை விரித்தே வைக்கும். ஆமணக்கிலும் செந்தட்டியிலும்தான் இவை முட்டை வைக்கும். ஆமணக்கு ஊர் ஓரத்தில் வளரும். காட்டுக்குள் இவற்றுக்குச் செந்தட்டிதான் வீடு. ஜோக்கர் என்ற ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சியின் புழுவும் இந்தக் கொடி இனத்தைத் தின்றே வளர்கிறது.

ஐப்பசி கார்த்திகையில், தளிர் இலையின் அடிப்புறத்தைப் புரட்டாமல், கீழே உட்கார்ந்து அண்ணாந்து பாருங்கள். காஸ்டரின் முட்டை தனியாக ஒட்டியிருக்கும். வெள்ளையாக, கடுகைவிடச் சிறிதாக. லென்ஸில் பார்த்தால் முட்டை முழுக்க மெல்லிய மயிர்கள் நிமிர்ந்து நிற்கும். மற்ற வண்ணத்துப்பூச்சிகளின் வழுவழு முட்டையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது விநோதமாக இருக்கும். வளர்ந்த புழு பச்சை. உடம்பு முழுக்கக் கிளைவிட்ட முட்கள், தலையில் நீண்ட இரண்டு கொம்புகள். நம் விரலைப் பொசுக்கும் அந்த இலையின் ஓரத்தில் உட்கார்ந்து அது சாவகாசமாக அரைவட்டமாகத் தின்றுகொண்டே போகும். நரம்பும் காம்பும் மட்டும் மிஞ்சும். அப்படி அரிக்கப்பட்ட இலைகள் இருக்கும் கொடியை எங்கள் குழுவில் யாரும் வெட்டுவதில்லை. பாதையில் இருந்தாலும் ஒரு கயிறு கட்டி, பாதையை நாங்கள் மாற்றிக்கொள்கிறோம். கூட்டுப்புழு முடிந்து வெளிவரும் வரைதானே.

விதை எடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சீரழிந்த காட்டை மீட்கும்போது மரக் கன்றுகளை மட்டுமே நடுகிறோம். கொடிகளை யாரும் நினைப்பதில்லை. செந்தட்டியை ஓரமாக ஒரு பகுதியில் விதைத்து வருகிறேன். காய் பச்சை மாறி வைக்கோல் நிறத்துக்கு வரும்போது கொத்தோடு கத்தரித்து, காகிதப் பைக்குள் நேராக விழச் செய்ய வேண்டும். பையை மடித்துக் கிளிப் போட்டு நிழலில் வைத்தால் சில நாளில் உள்ளே படபடவென்று வெடிக்கும் சத்தம் கேட்கும். ஆமணக்குக் காய் வெடிப்பது போலவே. திறந்த முறத்தில் காய வைத்தால் விதை அறை முழுக்கச் சிதறும், தோட்டின் மயிரும் கூடவே. விதை உருண்டை, வழுவழுப்பு, அதில் மயிர் கிடையாது. ஆனால் தோட்டிலிருந்து பிரிக்கும்போது இடுக்கி பயன்படுத்துங்கள். பையில் இன்ன விதை என்று பெரிதாக எழுதி, நாற்றங்காலில் வேலை செய்கிற அக்காக்களுக்கு வாயாலும் சொல்லிவிட வேண்டும். எழுதி ஒட்டியதை எல்லோரும் படிப்பார்கள் என்று இருக்கக் கூடாது.

மருத்துவப் பயன் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. சித்த மருத்துவத்தில் சிறுகாஞ்சொறி என்ற பெயரில் வேரும் இலையும் சேர்கின்றன. கேரளத்தில் இதைக் கொடித்தூவ என்பார்கள். கர்க்கடக மாதத்தில், அதாவது நம் ஆடியில், பத்து இலைகள் சேர்த்துச் சமைக்கும் கறியில் இதன் தளிரையும் போடும் வீடுகள் உண்டு. கொதிநீரில் வெந்ததும் மயிர் துவண்டு குத்துவது போய்விடும். அது அங்கே தலைமுறையாகப் பறித்துச் சமைத்த கைகளுக்குத் தெரிந்த வேலை. காட்டில் பார்த்ததும் படம் பிடித்து, வீட்டில் கஷாயம் வைக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், வைத்தியரிடம் போங்கள் என்பதுதான். கோயில் காட்டிலிருந்து வேரோடு தோண்டி எடுக்கவும் வேண்டாம். மிஞ்சியிருப்பதே கொஞ்சம்.

பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வரும் ஆசிரியர்களுக்குக் கடைசியாக ஒன்று. காட்டுக்குள் நுழையும் முன், வெளியிலேயே செந்தட்டிக் கொடி ஒன்றை அடையாளம் வைத்து, எல்லாப் பிள்ளைகளையும் அதைச் சுற்றி உட்கார வையுங்கள். ஒரு கை தூரத்தில், வெயில் எதிர்ப்பக்கம் இருக்கும்படி. லென்ஸைக் கைமாற்றுங்கள். மயிரைப் பார்க்கட்டும், காயைப் பார்க்கட்டும், புழு இருந்தால் அதையும் பார்க்கட்டும். தொடாதே என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் யாராவது ஒரு பையன் திரும்பி வந்து தொடுவான். நன்றாகப் பார்த்த பிள்ளை தானே உள்ளே போய், "டேய், இங்க இருக்குடா, தள்ளி வா" என்று மற்றவர்களுக்குக் காட்டிக் கொடுக்கும். அரைக்கால் சட்டை, பாவாடை போட்டு வரும் வயது என்பதால், அன்றைக்கு மட்டும் முழுக் கால்சட்டை, சாக்ஸ், ஷூ என்று முந்தின நாளே வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்கள். டேப் உருளையை உங்கள் பையின் வெளிப் பையில் வையுங்கள்.